கெட்டிப்படாத நாற்பத்தொரு பின்கள்

அந்தப் பட்டறையில் எல்லோரும் அவரை நம்பரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் ஒரு சட்டைக் கம்பெனியில், தைத்த பொத்தான் நிற்கிறதா என்று இழுத்துப் பார்க்கிற வேலை. அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். தெருமுனைப் பட்டறையின் கதவில் நிதானமான கையும் நல்ல கண்ணும் உள்ள ஆள் தேவை என்று ஒட்டியிருந்தது. இரண்டும் நம்மிடம் இருக்கிறதே என்று உள்ளே நுழைந்துவிட்டார். இரும்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், மழையில் விட்டால் துருப்பிடிக்கும் என்பதுதான்.

ஜன்னலோர மேசைமேல் ஒரு இயந்திரம் இருந்தது. மேலே கடிகாரம் மாதிரி வட்ட முகம். கீழே ஒரு முனை, அந்த முனையில் கடுகளவு வைரம். இரும்புத் துண்டை அடியில் வைத்துக் கைப்பிடியை இழுத்தால் வைரம் இரும்பைக் குத்தும். ஆழமாக இறங்கினால் இரும்பு மெத்து, எண் குறைவாக வரும். இறங்க மறுத்தால் கெட்டி, எண் கூடும். அந்த எண்ணை உரக்கச் சொல்லிவிட்டு நோட்டில் எழுதுவதுதான் வேலை. "அம்பத்தஞ்சு, அம்பத்தஞ்சு, அம்பத்தாறு" என்று நாள் முழுக்க அவர் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். பெயர் அப்படி வந்ததுதான்.

மூன்று வருடம் இப்படியே போனது. ஆனால் வாய் எண் சொல்லிக்கொண்டிருந்தாலும் மனசு சும்மா இருக்கவில்லை. பட்டறையில் அதிகம் செய்தது டிப்பர் லாரிகளுக்கான பின். கட்டைவிரல் தடிமன், ஒரு சாண் நீளம் உள்ள உருளை. லாரியின் பெட்டி பின்பக்கமாகச் சாயும்போது மொத்தச் சுமையும் அந்த இரண்டு மூன்று பின்களைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பும். கம்பியைக் கடைந்து பின்னாக்குகிற கடைசல்காரரிடமிருந்து வரும்போது அது மெத்தென்று இருக்கும். உலையில் சிவக்கச் சுட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு எடுத்தால் ஐம்பத்தைந்துக்கு ஏறிவிடும். அப்புறம் இன்னொரு சின்ன உலையில் மிதமாகச் சுடுவார்கள். எண் நாற்பத்தைந்துக்கு இறங்கிவிடும்.

இவ்வளவு பாடுபட்டு ஏற்றினதை ஏன் இறக்க வேண்டும்? இதை அவர் கேட்காத ஆள் இல்லை. கடைசல்காரர் உலையில் போய்க் கேளுங்கள் என்றார். மேனேஜர் சிரித்துக்கொண்டே, எண்ணை மட்டும் சொல்லுங்கள், காரணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். சாப்பாட்டு நேரத்தில் அவர் டப்பாவோடு வந்தால் ஆட்கள் நைசாக வேறு மேசைக்கு நகர்ந்துவிடுவார்கள்.

நகராத ஒரே ஆள் உலைக்காரர். வெளிச்சம் கண்ணைக் கெடுக்காமலிருக்க அவர் போட்டுக்கொள்ளும் கண்ணாடியால் அவருக்கு நீலக்கண்ணாடி என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக அந்த உலைக்கு முன்னால் நிற்கிறவர். நம்பரக்கா கேட்டால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படித்தாம்மா செய்யணும்" என்பார். செய்யத் தெரியும், சொல்லத் தெரியாது. இருந்தாலும் எழுந்து போகமாட்டார். அதுவே நம்பரக்காவுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நூற்றிருபது பின்கள் உள்ள தட்டு ஒன்று தண்ணீரிலிருந்து வந்தது. தட்டுக்கு மூன்று பின்களைச் சோதித்தால் போதும் என்பது பட்டறை வழக்கம். முதலாவது ஐம்பத்தைந்து. இரண்டாவது ஐம்பத்தாறு. மூன்றாவது பதினேழு.

அக்கா உரக்கச் சொல்லவில்லை. இயந்திரம் கெட்டுவிட்டதோ என்று, எண் பொறித்த சோதனைக் கட்டையை வைத்துப் பார்த்தார். கட்டையில் என்ன எழுதியிருந்ததோ அதையே முள் காட்டியது. திரும்பவும் அந்தப் பின்னை வேறு இடத்தில் குத்தினார். பதினெட்டு. அப்புறம் உட்கார்ந்து நூற்றிருபதையும் குத்திப் பார்த்தார். எழுபத்தொன்பது பின்கள் கெட்டி. நாற்பத்தொன்று மெத்து. நடுவில் முப்பது, நாற்பது என்று ஒன்றுகூட இல்லை.

மேனேஜர் வந்து பார்த்தார். உலையின் வெப்பமானி எப்போதும்போல எண்ணூற்றைம்பது டிகிரி காட்டியதாக நீலக்கண்ணாடி சொன்னார். மேனேஜர் தொட்டித் தண்ணீரை மாற்றச் சொல்லி, அந்த நாற்பத்தொன்றையும் தானே நின்று மறுபடி சுட்டார். உலையிலிருந்து தண்ணீருக்குப் போகிற விநாடிகளை வாட்சில் எண்ணினார். வெளியே எடுத்தால் மறுபடியும் பதினேழு, பதினெட்டு, பதினாறு. முதல் தடவையே ஏதோ கெடுத்தாகிவிட்டது, இனி இது தேறாது என்று முடிவு கட்டினார். நீலக்கண்ணாடிதான் ரொம்ப நேரம் உலையில் விட்டிருப்பார், வயதாகிவிட்டது, கண்ணும் முன்னே மாதிரி இல்லை என்றார். காரணம் தெரிகிறவரை உலையைக் கடைசல்காரர் பார்த்துக்கொள்ளட்டும், நீலக்கண்ணாடி பேக்கிங்கில் இருக்கட்டும் என்று உத்தரவாயிற்று.

நீலக்கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அட்டைப்பெட்டிகள் இருக்கிற மூலைக்குப் போனார். மதியம் நம்பரக்கா அங்கே போய் நின்றார். அவர் ஒரு பெட்டியை நாடா ஒட்டி மூடிக்கொண்டிருந்தார். நாடா கோணலாகப் போயிருந்தது.

"என் நம்பரால வந்த வினைண்ணே" என்றார் அக்கா.

"நம்பர் பொய் சொல்லலைம்மா. ஆனா இரும்பு நல்லா வெந்துது. அந்த நிறம் எனக்குத் தெரியும். ஒரே தட்டு, ஒரே தீ, ஒரே தண்ணி. பாதி வெந்து பாதி வேகாம எப்படி இருக்கும்?"

முதல் முறையாக அவர் கேள்வி கேட்டிருந்தார். அக்காவுக்கு அது மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த நாள் ஸ்டோர்ஸில் ஒரு வேலையாகப் போனபோது சுவரில் ஒட்டியிருந்த பட்டியல் ஒன்றைக் கவனித்தார். எத்தனையோ தடவை கண்ணில் பட்டதுதான். நிறம், அதன் எதிரே ஒரு எண். வெள்ளைப் பெயிண்ட் அடித்த கம்பிக்கு இருபது. பின்னுக்கு எடுக்கிற பச்சைக்கு நாற்பத்தைந்து. சிவப்புக்கு எண்ணோடு சில எழுத்துகள். இந்த எண் என்ன என்று ஸ்டோர்ஸ்காரரைக் கேட்டார். அது எஃகின் ஜாதி, அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்று அவர் கைவிரித்தார். அக்கா நேராக மேனேஜர் அறைக்குப் போய், அலமாரியில் தூசி படிந்து கிடந்த கையேட்டை இரவல் கேட்டார். மேனேஜருக்கு என்ன தோன்றியதோ, எடுத்துப் போங்கள் என்றார்.

கையேட்டில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. எஃகு என்பது இரும்போடு சிட்டிகை கரி சேர்ந்தது. அந்தச் சிட்டிகை எவ்வளவு என்பதைத்தான் எண் சொல்கிறது. நாற்பத்தைந்து என்றால் நூறு பங்கில் அரைப் பங்குக்கும் கொஞ்சம் குறைவான கரி. இருபது என்றால் அதிலும் பாதிக்குக் கீழே. கால் பங்குக்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரு வகை. வளைக்கலாம், பற்றவைக்கலாம், கம்பி இழுக்கலாம். அரைப் பங்கை ஒட்டியது நடுத்தரம். அச்சு, பின், பற்சக்கரம் எல்லாம் அதில்தான். இன்னும் மேலே போனால் உளி, வில், ஊசி. குரோமியம், நிக்கல் என்று வேறு உலோகங்கள் சேர்ந்தால் பேரில் எழுத்துகளும் சேர்ந்துகொள்ளும். தான் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிற எண்ணுக்கு முன்னால் இன்னொரு எண் இருக்கிறது என்பது அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது.

சிவக்கச் சுட்டால் கரி இரும்புக்குள் கரைந்து பரவும். மெதுவாக ஆறவிட்டால் சாவகாசமாகப் பிரிந்து ஒதுங்கிவிடும். சட்டென்று தண்ணீரில் போட்டால் பிரிந்துபோக நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்த நெருக்கடிதான் கெட்டித்தன்மை என்று எழுதியிருந்தது. படித்தது உண்மையா என்று கண்ணால் பார்க்காமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையில் ஒரு கிண்ணம் தண்ணீர், சமையல் இடுக்கி, உப்புத்தாள் எல்லாம் எடுத்துவைத்தார். வீட்டில் அவரோடு கணவரும் கணவரின் தங்கையும் இருந்தார்கள். நாத்தனார் தையல்காரி. கூடத்தில் மெஷினில் உட்கார்ந்திருந்தவளிடம் நாலு கை ஊசி கேட்டார். எதைத் தைக்கப் போகிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு, தைக்க இல்லை, சுடப் போகிறேன் என்றார். நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

முதல் ஊசியை அடுப்புத் தீயில் சிவக்க வைத்து, தீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மெதுவாக ஆறவிட்டார். விரலால் அழுத்தினால் ஈர்க்குச்சி மாதிரி வளைந்து, வளைந்தபடியே நின்றது. இரண்டாவதைச் சிவக்க வைத்துச் சடாரென்று தண்ணீரில் போட்டார். அழுத்தியதும் டக்கென்று கண்ணாடித்துண்டு போல உடைந்தது. மூன்றாவதையும் அப்படியே தண்ணீரில் போட்டெடுத்து, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, தீக்கு மேலே உயரத்தில் பிடித்தார். ஊசியின் உடம்பில் மஞ்சள் படர்ந்தது. அது பழுப்பாகி, ஊதாவாகி, நீலமானது. நீலம் வந்ததும் எடுத்துவிட்டார். ஆறிய பிறகு வளைத்தால் வளைந்தது, விட்டதும் துள்ளி நேரானது.

"அய்யோ அண்ணி, முதல்ல இருந்த மாதிரியே ஆயிடுச்சே" என்றாள் நாத்தனார். அவளே நாலாவது ஊசியை எடுத்து அடுப்பருகே வந்து நின்றுகொண்டாள்.

ஏற்றிய எண்ணை ஏன் இறக்குகிறார்கள் என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்ததற்கு அந்த ஊசி பதில் சொல்லிவிட்டது. உச்சத்துக்குக் கெட்டியானது உடையும். கொஞ்சம் சூடு காட்டித் தளர்த்திவிட்டால்தான் சுமை தாங்கும்.

ஊசிகள் தீர்ந்துபோயின. நாத்தனாருக்கு ஆசை தீரவில்லை. ஜன்னலில் கொடி கட்டியிருந்த கட்டுக்கம்பியில் ஒரு துண்டை நறுக்கிக் கொண்டுவந்து தீயில் காட்டினாள். சிவந்தது. தண்ணீரில் போட்டாள். சுர்ரென்றது. எடுத்து வளைத்தால் சோம்பேறித்தனமாக வளைந்தது. இன்னொரு தடவை செய்தாள். அப்போதும் அதே கதைதான்.

"இது கெட்டியாகமாட்டேங்குது அண்ணி. நான் சரியாத்தானே செஞ்சேன்?"

அக்கா அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சை அவர் ஏற்கெனவே பேக்கிங் மூலையில் கேட்டிருந்தார். கம்பியில் போதுமான கரி இல்லை. இல்லாத கரி எங்கே போய் மாட்டிக்கொள்ளும்? பத்துத் தடவை சுட்டாலும், மேனேஜர் பக்கத்தில் நின்று விநாடி எண்ணினாலும் அது மெத்தாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை காலை கைப்பையைக்கூட மாட்டாமல் நேரே பேக்கிங்குக்குப் போனார். அந்த நாற்பத்தொன்றும் வேறு எஃகாக இருக்கலாம், வெளியே பார்த்தால் ஒன்று போலவே இருக்கிறது, அவ்வளவுதான் என்று நீலக்கண்ணாடியிடம் சொன்னார். அவர் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார்.

"வாங்க, சாணைக்கல்லுக்குப் போவோம். பொறி காட்டிக் குடுத்துடும்."

ஓடுகிற சாணைக்கல்லில் முதலில் ஒரு கெட்டிப் பின்னை வைத்தார்கள். பொறிகள் நீளமாகப் பாய்ந்து, நுனியில் கிளை கிளையாக வெடித்துப் பூத்தன. அப்புறம் மெத்துப் பின். அதே நீளக் கோடுகள். ஆனால் பூ இல்லை. எங்கோ ஒன்றிரண்டு மட்டும் நுனியில் இரண்டாகப் பிரிந்தன. கரிதான் வெடித்துப் பூக்கிறது என்று கையேட்டிலும் போட்டிருந்தது. நீலக்கண்ணாடிக்கு இது பழைய ஆட்கள் செய்து பார்த்துத் தெரியும். ஆனால் பச்சைப் பெயிண்ட் அடித்து வந்த கம்பியைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

மேனேஜர் பொறியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இரண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறது, இதை நம்பி நான் எதையும் எழுத முடியாது, வெளி லேபுக்கு அனுப்பினால் பத்து நாள் ஆகும் என்றார். அக்கா ஒரு வழி சொன்னார்:

"சார், இன்னும் உலைக்குப் போகாத பின்னு ஒரு தட்டு இருக்கு. அதுல இருபது எடுத்துக் குடுங்க. எது எது கெட்டியாகாதுன்னு தீயில போடறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுக்கறேன். அண்ணன் சுடட்டும். அப்புறம் நம்பரை நீங்களே பாருங்க."

மேனேஜருக்கும் உள்ளூர ஆர்வம் வந்துவிட்டது. தானே போய் இருபது பின்களை அள்ளி வந்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு எண் பொறித்தார். அக்கா சாணைக்கல்லில் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எடுத்தார். கடைசல்காரர் தன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். ஸ்டோர்ஸ்காரரும் வந்தார். ஏழு எண்களை ஒரு தாளில் எழுதி மடித்து மேனேஜரிடம் கொடுத்தார் அக்கா. நீலக்கண்ணாடி சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு உலைக் கதவைத் திறந்தார்.

இயந்திரத்தின் முன்னால் அன்று மேனேஜர் உட்கார்ந்தார். எண்ணைச் சொன்னதும் அவர்தான். தாளில் இருந்த ஏழும் பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே வந்தன. ஆனால் தாளில் இல்லாத பதினான்காம் எண் பின்னும் பதினெட்டு காட்டியது. ஆக மொத்தம் எட்டு. அக்கா ஒன்றைத் தவறவிட்டிருந்தார்.

"ஒண்ணு தப்பாயிடுச்சு சார்" என்றார் அக்கா, முகம் வாடி.

மேனேஜர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஏழு சரியா இருக்குக்கா" என்றார். அப்புறம் நீலக்கண்ணாடியின் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்து, சொல்லத் தெரியாமல், உலை சூடு ஆறிவிடப் போகிறது போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். நீலக்கண்ணாடி அதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டுமோ அப்படி எடுத்துக்கொண்டார். பேக்கிங் மூலைக்கு அவர் அதற்குப் பிறகு போகவில்லை.

சரி, வெள்ளைக் கம்பி பச்சைக் கம்பிக்குள் எப்படி வந்தது? நம்பரக்கா அதையும் விடவில்லை. ஸ்டோர்ஸில் கம்பி அறுக்கிற ரம்பத்துக்குப் பக்கத்தில் போய் அரை நாள் நின்றார். கம்பிகளுக்கு ஒரு முனையில் மட்டும்தான் பெயிண்ட். அடுக்கும்போது பெயிண்ட் முனைகள் வெளிப்பக்கம் பார்த்து வரிசையாக நின்றன. பார்க்க நன்றாக இருந்தது. ரம்பமும் வெளிப்பக்கம்தான். அதனால் முதல் துண்டோடு பெயிண்டும் அறுந்து போய்விடும். மிச்சக் கம்பிக்குப் பேரும் இல்லை ஊரும் இல்லை. சாயங்காலம் இடம் உள்ள அடுக்கில் அதைச் செருகிவிடுவார்கள்.

ஸ்டோர்ஸ்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வருகிறவர்கள் கண்ணுக்கு அழகாகத் தெரியட்டும் என்றுதான் இந்த மாதம் அப்படி மாற்றி அடுக்கினேன் என்றார். அவரை யாரும் திட்டவில்லை. அதற்கு நேரமும் இல்லை. ஏனென்றால் அக்கா அதற்குள் வேறொன்றை யோசித்துவிட்டார்.

தட்டுக்கு மூன்று பின்களைத்தான் சோதித்திருக்கிறார்கள். அந்த மூன்றும் நல்லதாக அமைந்த தட்டுகள் எத்தனை வெளியே போயிருக்கும்? இதை மேனேஜரிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. இதுவரை யாரும் குறை சொல்லவில்லையே, நாமாகப் போய்ச் சொன்னால் பேர் கெட்டுவிடாதா என்று இழுத்தார். அக்கா விடாமல் சொல்லிவிட்டார்:

"லாரி பெட்டியைத் தூக்கி நிக்கறப்போ அடியில ஆள் நின்னு மண்ணு தள்ளுவாங்க சார். அந்த மூணு நம்பரைச் சொன்னது நான். எனக்குத் தூக்கம் வராது."

மேனேஜர் மேசைமேல் இருந்த பேனாவை இரண்டு மூன்று தடவை திருப்பி வைத்தார். பிறகு போனை எடுத்தார். அந்த மாதம் போன நாலு தட்டுகளையும் திருப்பி வாங்கினார்கள். லாரியில் மாட்டியிருந்தவற்றையும் கழற்றி அனுப்பினார்கள். அத்தனையையும் அக்கா ஒன்றுவிடாமல் குத்திப் பார்த்தார். முப்பத்திரண்டு மெத்து. அதில் ஒன்று மூன்று வாரம் ஓடிய லாரியிலிருந்து வந்தது. நடுவில் இடுப்பு மாதிரி தேய்ந்து, லேசாக வளைந்திருந்தது. நீலக்கண்ணாடி அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு பேர் போன் செய்து நல்ல வேளை என்றார்கள்.

அதற்குப் பிறகு பெயிண்ட் இல்லாத முனையிலிருந்துதான் கம்பியை அறுத்தார்கள். அடுக்கில் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பியும் சாணைக்கல்லைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும் என்று மேனேஜர் எழுதி ஒட்டினார். பார்க்கிற ஆள் யார் என்று எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

தவறவிட்ட அந்தப் பதினான்காம் பின் மட்டும் அக்காவை ஒரு வாரம் படுத்தியது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அதை எடுத்துப்போய்க் கல்லில் வைத்துப் பார்த்தார். கடைசியில் கடைசல்காரர்தான் கண்டுபிடித்தார். அதற்கு முன்னால் கல்லில் வைத்த பச்சைக் கம்பிப் பின்னின் துகள் கல்லில் ஒட்டியிருந்து, அந்தப் பொறியும் சேர்ந்து பூத்திருக்கிறது. கல்லை ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்டுப் பார்த்தால் சரியாக இருந்தது. இப்போது சாப்பாட்டு நேரத்தில் அவர் மேசைக்கு ஆட்கள் தாங்களாகவே வந்து உட்காருகிறார்கள். ஸ்டோர்ஸ்காரர்கூட வருகிறார்.

போன மாதம் சிவப்புப் பெயிண்ட் அடித்த கம்பி ஒரு கட்டு வந்தது. நிக்கல் கலந்தது. கல்லில் வைத்தால் பொறி குட்டையாக, ஆரஞ்சு நிறத்தில், நுனியில் சின்ன முட்கள் மாதிரி பிரிந்து அணைந்தது. இப்படி ஒன்றை அக்கா பார்த்ததே இல்லை. நீலக்கண்ணாடியைக் கூப்பிட்டுக் காட்டினார். இது ஏன் இப்படி எரிகிறது என்று கேட்டார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். தெரியவில்லை என்றார். அப்புறம், இன்னொரு தடவை வையுங்கள் பார்ப்போம் என்றார்.